பழைய பந்தும் வாசிம் அக்ரமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபது நிமிடம் பேசு, தலைப்பு உன் இஷ்டம் என்றார் செயலாளர். "வேலைவாய்ப்பு பற்றிப் பேசமாட்டேன் சார், ஒரு பாகிஸ்தான் பவுலரைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். ஒரு நிமிஷம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பார்த்துப் பேசுங்க" என்றார். பார்த்துத்தான் பேசப் போகிறேன்.

நான் சொல்ல வந்தது வாசிம் அக்ரம். 1966ல் லாகூரில் பிறந்தவர். 104 டெஸ்டில் 414 விக்கெட். 356 ஒருநாள் ஆட்டத்தில் 502 விக்கெட். ஒருநாள் கிரிக்கெட்டில் 500ஐத் தொட்ட முதல் ஆள் அவர்தான், 2003 உலகக் கோப்பையில். 2009ல் நம்ம முரளிதரன் அதைத் தாண்டினார். எண்களை இதோடு விட்டுவிடுகிறேன். ஸ்கோர்கார்டு எல்லாம் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது.

மெக்கானிக்கல் படித்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஃபுளூயிட் மெக்கானிக்ஸில் பவுண்டரி லேயர் என்று ஒன்று படித்தோம். நாலு ரன் பவுண்டரி இல்லை! பந்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் மெல்லிய காற்றுப் படலம். அது அமைதியாக ஓடினால் லாமினார், கலங்கி ஓடினால் டர்புலன்ட். அமைதியாக ஓடும் காற்று பந்தை விட்டுச் சீக்கிரம் பிரிந்துவிடும். கலங்கிய காற்று இன்னும் கொஞ்சம் தூரம் ஒட்டிக்கொண்டு போகும். படிக்கும்போது எனக்கு இது தலைகீழாகத்தான் பட்டது. தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன்.

புதுப் பந்தைத் தையலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து வீசுகிறார்கள். தையல் இருக்கிற பக்கம் காற்று அதில் தடுக்கிக் கலங்குகிறது, அதனால் அதிக தூரம் ஒட்டிக்கொண்டு போகிறது. மறுபக்கம் சீக்கிரம் பிரிகிறது. இரண்டு பக்கமும் சமமில்லை என்பதால் பந்து ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. தையல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம். இது சாதாரண ஸ்விங்.

இப்போது வேகத்தைக் கூட்டுங்கள். காற்று தையலைத் தொடுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் கலங்கிவிடுகிறது. இனி தையலால் லாபம் இல்லை, நஷ்டம்தான். ஏற்கெனவே கலங்கிய காற்று அதில் மோதித் தடித்துப் போய், முன்னாடியே பிரிந்துவிடுகிறது. பந்து தையலுக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இதுதான் ரிவர்ஸ் ஸ்விங். புதுப் பந்தில் இது நடக்க மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். பந்தின் ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்து சொரசொரப்பாகிவிட்டால் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே நடக்கும். காற்றுச் சுரங்கத்தில் வைத்து இதையெல்லாம் அளந்து சொன்னவர்களில் நாசாவில் வேலை பார்த்த ரபி மேத்தாவும் ஒருவர்.

ஆனால் அவர் அளப்பதற்கு முன்பே பாகிஸ்தானில் அது கையில் வந்துவிட்டது. புல் இல்லாத வறண்ட பிட்ச், கட்டாந்தரை மாதிரி அவுட்ஃபீல்ட். பந்து இருபது ஓவரிலேயே செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். வேறு நாட்டு பவுலர் என்றால் புதுப் பந்து எப்போது வரும் என்று காத்திருப்பார். இவர்கள் அந்தப் பழைய பந்தையே ஆயுதமாக்கினார்கள். சர்ஃபராஸ் நவாஸ் இம்ரான் கானுக்குச் சொல்லிக் கொடுத்தார். இம்ரான் வாசிமுக்கும் வக்கார் யூனிஸுக்கும் சொல்லிக் கொடுத்தார். நான் தொழிற்சாலையில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். சரியில்லாத மூலப்பொருளைக் குறை சொல்லும் ஆட்களைத்தான் தினமும் பார்க்கிறேன். ம், அது வேறு கதை.

வாசிம் வந்த கதை சினிமா மாதிரி இருக்கும். லாகூரில் வலைப்பயிற்சியில் பந்து வீசிக்கொண்டிருந்த பையனை ஜாவேத் மியான்தாத் பார்க்கிறார். 1984 நவம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக முதல்தர ஆட்டத்தில் அறிமுகம். முதல் இன்னிங்ஸிலேயே 7 விக்கெட். அடுத்த ஜனவரியில் ஆக்லாந்தில் டெஸ்ட் ஆடுகிறார். அதற்கடுத்து டுனெடினில், தன் இரண்டாவது டெஸ்டில், 10 விக்கெட். வயது 18! அந்த ஆட்டத்தில் நியூசிலாந்து 2 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. பத்து விக்கெட் எடுத்தும் தோல்விதான்.

ஓடிவருவது கொஞ்ச தூரம்தான். இம்ரான் மாதிரி தாவலும் கிடையாது, வக்கார் மாதிரி எல்லைக்கோட்டிலிருந்து புறப்படுவதும் கிடையாது. பேட்ஸ்மேன் தயாராவதற்குள் இடது கை சட்டென்று சுற்றிவிடும். ஒரே மாதிரி கையிலிருந்து உள்ளேயும் வரும், வெளியேயும் போகும்.

1992 மார்ச் 25, மெல்போர்ன், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். முதலில் பேட்டிங்கில் 18 பந்தில் 33 அடித்துக் கொடுத்தார். பாகிஸ்தான் 249. இங்கிலாந்து 69க்கு 4 என்று இருந்து, ஆலன் லாம்பும் ஃபேர்பிரதரும் சேர்ந்து 141 வரை கொண்டுவந்துவிட்டார்கள். இம்ரான் பந்தை வாசிமிடம் கொடுக்கிறார். ரவுண்ட் த விக்கெட். லாம்புக்கு வீசிய பந்து உள்ளே வருவது போல வந்து கடைசியில் வெளியே திரும்பி ஸ்டம்பைத் தட்டியது. அடுத்த பந்து கிறிஸ் லூயிஸுக்கு. அது நேர்மாறாக உள்ளே வந்தது, பேட்டின் ஓரம் பட்டு ஸ்டம்பில். ஆறாவது விக்கெட்டும் 141லேயே விழுந்தது. 22 ரன்னில் பாகிஸ்தான் உலகச் சாம்பியன், ஆட்ட நாயகன் வாசிம். எனக்கு அப்போது நடக்கத்தான் தெரியும். கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் அந்த இரண்டு பந்தையும் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும்.

அதே ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் டெஸ்ட் தொடர். வாசிம் 21, வக்கார் 22 விக்கெட். லார்ட்ஸில் இருவருமே பேட்டைப் பிடித்து நின்று 2 விக்கெட்டில் ஜெயித்துக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே பத்திரிகைகள் பந்தைச் சேதப்படுத்துகிறார்கள் என்று கூச்சல் போட்டன. பந்தைச் சுரண்டுவது தப்பு, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் புரியாத வித்தையை எல்லாம் மோசடி என்பது வேறு. பிற்பாடு 2005ல் இங்கிலாந்து பவுலர்கள் அதே ரிவர்ஸ் ஸ்விங்கால் ஆஷஸை ஜெயித்தபோது அது கலை ஆகிவிட்டது!

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. சூதாட்ட விவகாரத்தை விசாரித்த நீதிபதி கய்யூம் அறிக்கை 2000ல் வெளிவந்தது. சலீம் மாலிக்குக்கு ஆயுள் தடை. வாசிம் மீது குற்றம் முழுதாக நிரூபணமாகவில்லை, ஆனால் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் என்று சொல்ல முடியாது என்று அபராதம் விதித்து, கேப்டன் பொறுப்பு தரக்கூடாது என்றும் பரிந்துரைத்தார் நீதிபதி. வாசிம் மறுத்தே வந்திருக்கிறார். அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு அவரை ரசிக்க என்னால் முடியவில்லை. அறிக்கைக்காக மெல்போர்ன் பந்துகளை மறக்கவும் முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு அவர் நெருக்கமானதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1997ல் அவருக்கு சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. வயது 30. எனக்கு 31ல் தெரிந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இனி ஷிப்ட் வேலை எப்படி, கல்யாணப் பேச்சு எப்படி என்று ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லாதே என்றார். இவர் உலகத்துக்கே சொன்னார். இன்சுலின் போட்டுக்கொண்டு மேலும் ஆறு வருஷம் வேகப்பந்து வீசினார். 1999ல் இலங்கைக்கு எதிராக அடுத்தடுத்த இரண்டு டெஸ்டில் ஹாட்ரிக் எடுத்ததும் அந்த ஆறு வருஷத்துக்குள்தான். இந்த மண்டபத்தில் ஊசியைப் பையில் ஒளித்து வைத்திருக்கும் தம்பி தங்கை யாராவது இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வாருங்கள். நானும் அப்போதுதான் போட்டுக்கொள்வேன்.

சேப்பாக்கம் 1999 ஜனவரி. அதைச் சொல்லாமல் போனால் அடிப்பீர்கள். 271 எடுக்க வேண்டும். திராவிட்டை வாசிம் போல்டு செய்த பந்து கடைசி நொடியில் வெளியே நகர்ந்து ஆஃப் ஸ்டம்பைத் தொட்டது. திராவிட் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. 82க்கு 5. முதுகு வலியோடு சச்சின் 136. இன்னும் 17 ரன் என்கிறபோது சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார், பிடித்தவர் வாசிம். கடைசி நாலு விக்கெட் 4 ரன்னில். 12 ரன்னில் தோற்றோம். எங்கள் வீட்டில் அப்பா டிவியை அணைத்துவிட்டார். நான் அழுதேன். மைதானத்தில் இருந்த சென்னை ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தது. இதை மறுநாள் பேப்பரில்தான் பார்த்தேன்.

பத்து வருஷம் கழித்து, 2009 அக்டோபர். வாசிமின் மனைவி ஹுமா கடுமையாக நோயுற்று, லாகூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஆம்புலன்ஸ் விமானத்தில் கொண்டுபோகிறார்கள். வழியில் எரிபொருளுக்காகச் சென்னையில் இறங்குகிறது. அம்மையார் நினைவில்லாமல் இருக்கிறார். இருவரிடமும் பாகிஸ்தான் பாஸ்போர்ட். இந்திய விசா இல்லை. விமான நிலையத்தில் அவரை அடையாளம் கண்டுகொண்டவர்கள், விசாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பிவைத்ததாக வாசிம் பின்னால் பேட்டிகளில் சொன்னார். அப்போலோவில் சேர்த்தார்கள். காப்பாற்ற முடியவில்லை, அக்டோபர் 25 அன்று ஹுமா சென்னையிலேயே காலமானார். ஓய்வு பெற்ற பிறகு கொகெய்ன் பழக்கத்தில் விழுந்ததையும், மனைவி போன பிறகு அதை விட்டதையும் 2022ல் வந்த தன் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

அன்று விமான நிலையத்தில் டியூட்டியில் இருந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் சிலராவது 1999ல் சேப்பாக்கத்தில் பத்து ரூபாய் கடலையோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.