கழுவித் துடைக்க ஒரு கை



பெரிய வியாழனன்று நம் ஆலயங்களில் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுகிறோம். அந்த வரிசையில் யானைக்கால் நோயாளி ஒருவர் அமர்ந்து நாம் பார்த்ததுண்டா? அவர் கடைசியில் நின்று, காலைச் சேலையிலோ வேட்டியிலோ மறைத்துக்கொண்டு, நற்கருணை பெற்றதும் முதல் ஆளாக வெளியேறிவிடுகிறார்.

முன்னோர் செய்த பாவம் என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறோம். பாவம் அல்ல, புழு. க்யூலெக்ஸ் கொசு கடிப்பதால் உடலில் புகும் நூல் போன்ற புழு, நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைச் சிதைக்கிறது. வடிய வேண்டிய நீர் தேங்கிக் கால் வீங்குகிறது. இந்நோயில் கொசுவுக்குள்ள பங்கை 1877-லேயே பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டறிந்துவிட்டார். தொட்டால் இது ஒட்டாது. சேர்ந்து உண்டாலும் ஒட்டாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றிய சகோதரிகள் சிலருக்குக் கை வீங்குவதும் இதே தேக்கத்தால்தான்.

அரசு தரும் மாத்திரை, நோய் பரவாமல் தடுக்கும். நாட்பட்டுப் பெருத்த காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதற்காக மனம் தளர வேண்டாம். தினமும் சோப்புப் போட்டு, சுத்தமான நீரில் மெதுவாகக் கழுவி, விரலிடுக்கிலும் தோல் மடிப்பிலும் ஈரம் நிற்காதபடி ஒற்றித் துடைக்க வேண்டும். சேற்றுப்புண், வெடிப்பு இருந்தால் மருந்திட வேண்டும். அவற்றின் வழியே கிருமி நுழைந்துதான் குளிர்காய்ச்சலும் கடும் வலியும் வருகின்றன. அப்படி வரும்போதெல்லாம் வீக்கமும் கூடுகிறது. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்து, இறுக்காத செருப்பு அணிந்தால் நல்லது. காய்ச்சல் கண்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கழுவியதோடு நிறுத்தவில்லை. இடுப்பில் கட்டிய துண்டால் துடைக்கவும் செய்தார். கனத்த காலோடு குனிந்து தன் விரலிடுக்கைத் தானே துடைப்பது முதியவருக்கு எளிதல்ல. அதற்கு மகனோ, மருமகளோ, அடுத்த வீட்டாரோ கை கொடுக்க வேண்டும். பேதுருவைப் போல அவர் முதலில் கூச்சத்தால் மறுக்கலாம். நாம் விட்டுவிடக் கூடாது.

நம் அன்பியங்களில் இந்த வாரம் ஜெபமாலை முடிந்ததும், அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டைத் தேடிப் போவோம். ஒரு சோப்பும் ஒரு மெல்லிய துண்டும் எடுத்துச் செல்வோம். அந்த வீட்டருகே தேங்கிய சாக்கடையையும் சேர்ந்து சுத்தம் செய்வோம். பெரிய வியாழன் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அந்தக் காலுக்கோ அது ஒவ்வொரு நாளும் வேண்டும்.

இறைவன் நம் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.