ஸ்டியரிங் பொத்தானுக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு

சங்ககிரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துகிறேன். லாரித் தொழிலை நம்பியே வாழ்கிற ஊர் எங்களுடையது. சிமென்ட் லோடு, டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று பட்டறை வாசலில் எந்நேரமும் ஏதாவது ஒன்று நிற்கும். வருகிற டிரைவர்கள் பெரிய வேலை எல்லாம் முடிந்த பிறகு, கிளம்பும்போது சொல்கிற ஒரு குறை உண்டு. "அண்ணா, ஸ்டியரிங்ல இருக்கிற சுவிட்சுல லைட்டு எரியலீங்க. அது கிடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத வேலை அது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இப்போது வரும் கார்களிலும், புது லாரிகள் சிலவற்றிலும் ஸ்டியரிங்கிலேயே பொத்தான்கள் இருக்கின்றன. பாட்டுச் சத்தத்தைக் குறைக்க ஒன்று, போன் எடுக்க ஒன்று, வேகத்தை ஒரே சீராக வைக்க ஒன்று. இருட்டில் அவை தெரிவதற்காகப் பின்னால் நெல்மணி அளவில் பல்பு எரியும். அது பியூஸ் போனால் டிரைவர் பொத்தானைத் தேடிக் கண்ணைக் கீழே இறக்குவார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். சேலம் – கோவை நெடுஞ்சாலையில் ராத்திரி லோடு ஓட்டுகிறவருக்கு அந்த 17 மீட்டர் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பல்பு ஏன் போகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் கம்பி எரியும்போது 2,000 டிகிரிக்கு மேல் சூடாகிறது. எரிய எரிய, கம்பி துளித்துளியாக ஆவியாகி மெலிந்துகொண்டே வரும். காரில் 12 வோல்ட். லாரியில் இரண்டு பேட்டரியை வரிசையாகக் கோத்து 24 வோல்ட். ஒரே வாட் பல்பாக இருந்தாலும் 24 வோல்ட் பல்பின் கம்பி இன்னும் மெல்லியது, இன்னும் நீளமானது. அதனால் குலுக்கலைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. கார்க்காரரைவிட லாரிக்காரர் அடிக்கடி பல்பு வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

போன பல்பைத் தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லும். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால், கம்பி ஆவியாகி அங்கே படிந்திருக்கிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், பெரும்பாலும் குலுக்கல்தான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து லாரிக்காரர் ஒருவர், மாற்றி மாற்றிப் போட்டும் பல்பு நிற்கவில்லை என்று வந்தார். டேஷ்போர்டு, ஸ்டியரிங், டெயில் லைட் எல்லாமே போய்க்கொண்டிருந்தன. கழற்றிய பல்புகளைக் கொட்டிப் பார்த்தேன். வாங்கிச் சில வாரமே ஆன பல்பு, உள்ளே கறுத்துக் கிடந்தது. வயசாகிக் கறுக்க வேண்டியது இளசிலேயே கறுத்தால், கரண்ட் அதிகமாக ஏறுகிறது என்று அர்த்தம். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தேன். 28 வோல்ட் பக்கம் நிற்க வேண்டியது 30-ஐத் தாண்டியது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். அவருக்கு ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரை மாற்றிக் கொடுத்தேன். பல்பும் நின்றது, பேட்டரியில் தண்ணீர் வற்றுவதும் நின்றது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரோட்டோரம் நின்றிருந்த லாரி மீது பின்னால் ஒரு வண்டி மோதிவிட்டது. "டெயில் லைட் போட்டுத்தான் நிறுத்தியிருந்தேன்" என்று டிரைவர் சொல்லிச் சொல்லி அழுகிறார், நம்ப ஆளில்லை. அந்த டெயில் பல்பில் இரண்டு கம்பி இருக்கும். பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். கண்ணாடி உடையாமல் இருந்ததால் கழற்றிப் பார்த்தேன். 5 வாட் கம்பி மட்டும் சுருள் பிரிந்து இழுபட்டு வளைந்திருந்தது. சூடாக, இளகி இருக்கும் கம்பிதான் மோதலில் அப்படி நீளும். எரியாத கம்பி அப்படி இழுபடாது, உடைந்தால் வெடுக்கென்று உடையும். உலகம் முழுக்க விபத்துகளை ஆராய்கிறவர்கள் பார்க்கிற தடயம் இது. அந்தப் பல்பைப் பஞ்சில் சுற்றி அவர் கையில் கொடுத்து, பத்திரமாக ஒப்படைக்கச் சொல்லி அனுப்பினேன்.

நேரம் ஓடுகிறது, ஸ்டியரிங்குக்கு வருகிறேன். கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் டிரைவர் பக்கத்து ஏர்பேக் கட்டாயம். அது இருப்பது நீங்கள் கழற்றப் போகும் அதே இடத்தில். வெடித்தால் சுமார் 30 மில்லி நொடியில் விரிந்துவிடும், கண் இமைக்கும் நேரத்தைவிட வேகம். அதனால் முதலில் சக்கரத்தை நேராக வைத்து, சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே தேங்கிய கரண்ட் இறங்க வேண்டும். 90 நொடி போதும் என்று சொல்கிற கம்பெனி உண்டு, சில நிமிடம் கேட்கிற கம்பெனியும் உண்டு. என் பட்டறையில் பத்து நிமிடம் கழித்துத்தான் கை வைப்போம். கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்க வையுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் பிளக்கில் டெஸ்ட் லைட்டோ மீட்டரோ வைக்கவே கூடாது. பழக்கமில்லாதவர்கள் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம், தெரிந்த ஆளிடம் கொடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் சுருட்டி வைத்த ரிப்பன் ஒயர் இருக்கும், கிளாக் ஸ்பிரிங் என்போம். அதைச் சுற்றிவிடாமல் டேப் ஒட்டி வையுங்கள். அது அறுந்தால் ஹாரனும் போகும், ஏர்பேக்கும் போகும்.

சுவிட்சைப் பிரித்தால், சில வண்டியில் பல்பைக் கால் சுற்று திருப்பினாலே கையோடு வந்துவிடும். சிலதில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். பல்பின் தலையில் பச்சை ரப்பர் தொப்பி இருந்தால் புதுசுக்கு அதையே மாட்டுங்கள். எல்.இ.டி. வைப்பதானால் பிளஸ், மைனஸ் மாறாமல், கூடவே ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். காருக்கு 1 கிலோ ஓம், லாரிக்கு 2.7 கிலோ ஓம், அரை வாட்டில் போட்டால் எல்.இ.டி. அளவாக எரியும்.

அளவாக என்று சொல்வது மனசாரத்தான். "நீலக் கலர்ல பளிச்சுனு போடுங்கண்ணா" என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். மூக்குக்கு முன்னால் பளிச்சென்று ஒன்று எரிந்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், ரோட்டோரம் நடந்து போகிறவர் தெரியமாட்டார். மஞ்சளோ சிவப்போ, மங்கலாக வையுங்கள் தம்பி.

மாட்டி முடித்ததும் பேட்டரியை இணைத்துச் சாவி போட்டால், டேஷ்போர்டு மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் ஸ்கேன் வைத்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

இன்று ராத்திரி லோடு எடுக்கும் அண்ணன்மார்கள், பொழுது சாய்ந்ததும் பார்க் லைட்டைப் போட்டுவிட்டு, கிளீனர் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஸ்டியரிங்கிலிருந்து டெயில் லைட் வரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்புவீர்கள் என்று நம்புகிறேன். நல்லபடியாகப் போய்ட்டு வாங்க.