வெயிலும் மழையும் பாதுகாப்பு சபைக்குப் போன கதை
(ஒன்றியப் பேரவையில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



பயிர் இழப்பீடு கேட்டுக் கூடியிருக்கிறோம். இங்க வந்து ஐ.நா. சபை பேச்சு எதுக்குன்னு சிலபேர் கேக்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

யுத்தம், சமாதானம் பற்றி முடிவெடுக்கும் ஐ.நா. பாதுகாப்பு சபையில் பருவநிலை மாற்றம் முதன்முதலாக 2007 ஏப்ரலில் விவாதத்துக்கு வந்தது. பிரிட்டன் கூட்டிய கூட்டம் அது. 2021 டிசம்பர் 13-இல் அயர்லாந்தும் நைஜரும் தீர்மானமே கொண்டுவந்தன. வறட்சி, வெள்ளத்தால் மூளும் மோதல்களையும் இந்தச் சபை கவனிக்க வேண்டும் என்றார்கள். 15 நாடுகளில் 12 ஆதரவு. ரஷ்யா வீட்டோ போட்டுத் தடுத்தது. சீனா ஒதுங்கிக்கொண்டது. நம்ம இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது.

நைஜர், சகாரா பாலைவனத்தை ஒட்டிய ஏழை நாடு. கம்பும் சோளமும்தான் அவர்கள் பயிர். மழை பொய்த்தால் விதைக்கிறவனும் மாடு மேய்க்கிறவனும் தண்ணிக்கு அடித்துக்கொள்கிறார்கள். நமக்கா இது புரியாது? 2016-இல் காவிரித் தண்ணிக்காகப் பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. இங்க நாத்து காய்ஞ்சவனுக்கும் அங்க கரும்பு காய்ஞ்சவனுக்கும் அதனால ஒரு சொட்டுகூட வரல.

ஆனாலும் இந்தியா சொன்னதில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். எல்லா நாடும் உட்காரும் பருவநிலை மாநாட்டில் பேசுங்கள், புகையை விட்ட பணக்கார நாடுகள் ஒரு லட்சம் கோடி டாலர் கொடுக்கட்டும் என்றது இந்தியா. சிப்பாய் வந்து நின்னா வெள்ளம் வடியுமா? ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009-இல் கொடுத்த வாக்கையே 2020-க்குள் அவர்கள் காப்பாற்றவில்லை. இரண்டு வருஷம் தள்ளி 2022-இல்தான் எட்டினார்கள். 2024-இல் பாகு மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்றார்கள். போதாது என்று இந்தியா அங்கேயே ஆட்சேபித்தது. சரிதான்.

அப்போ ஒரு கேள்வி. ஏழை விவசாயி பெயரைச் சொல்லி அங்கே கேட்கிற டெல்லி, அதே விவசாயி இங்கே கேட்டால் ஏன் காது கேளாமல் இருக்கிறது? தை மாசம் அறுப்புக்கு நின்ற சம்பா மூணு நாள் தண்ணியில் கிடந்து முளைத்துப் போனது. காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் கிராமச் சராசரி என்று கணக்குப் போட்டு, நமக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மேட்டு வயல் விளைஞ்சா பள்ளத்து வயல்காரன் வயிறு நிறையுமா? பிரீமியம் மட்டும் ஆளுக்கு ஆள் தனியாத்தானே வாங்கினான்!

செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு ஆட்சியர் அலுவலகம் முன்பு கூடுகிறோம். சிட்டா, அடங்கல், பிரீமியம் ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும். நகல் போதும், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.