உடைமையும் வாடகையும்



கோயிலூர்களில் வாழ்வோருக்கு 'அடிமனை வாடகை' என்னும் சொல் புதிதன்று. மண் கோயிலுக்கு உரியது. அதன்மேல் எழுப்பிய வீடு குடியிருப்பவருக்கு உரியது. சுவரும் கதவும் தம்முடையனவே ஆயினும், மண்ணுக்குரிய வாடகையை அவர் தவறாமல் செலுத்திவர வேண்டும். இன்று கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோர் பலருடைய நிலையும் இத்தகையதே. அவர்கள் ஆக்கிய எழுத்தும் படமும் அவர்களுடையவை; அவற்றைத் திறக்கும் கருவியோ வாடகைக்கு வந்தது.

எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் நெருங்கினால் அச்சகத்தாருக்கு உறக்கம் இல்லை. துண்டு அறிக்கை, அன்னதான அறிவிப்பு, பதாகை என்று வேலை குவிந்துவிடும். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அத்தொழிலில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், தீபத்திற்கு இரண்டு நாள் இருக்கையில், தாம் முன்பு வரைந்து வைத்த படங்களைத் திறக்க முயன்றார். சந்தா முடிந்துவிட்டது என்று கணினி அறிவித்தது. வங்கி அட்டை மாறியிருந்தமையால் மாதக் கட்டணம் போய்ச் சேரவில்லை. நண்பர் ஒருவருடைய அட்டையைப் பெற்றுப் பணம் கட்டி, விடியற்காலையில்தான் வேலையைத் தொடங்கினார். அந்த மென்பொருளின் பெயர் நமக்கு வேண்டாம். அவர் என்னிடம் கூறிய சொல்லே என் நெஞ்சில் நிற்கிறது: "சார், படம் நான் வரைந்தது, பூட்டு மட்டும் அவர்களுடையது."

நிற்க. இம்முறை எவ்வாறு வந்தது? முன்பெல்லாம் மென்பொருளை ஒரே முறை விலை கொடுத்து வாங்கினோம். புதிய பதிப்பு வந்தால், வேண்டுவோர் வாங்கினர்; வேண்டாதார் பழையதைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் பணி செய்தனர். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் அடோபி நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. போட்டோஷாப் முதலிய அதன் கருவிகளின் புதிய பதிப்புகள் இனிச் சந்தா முறையில் மட்டுமே கிடைக்கும் என்பதே அது. 2012இல் வந்த ஆறாம் தொகுப்பே விலைக்கு விற்ற இறுதித் தொகுப்பாயிற்று. அதை வாங்கியிருந்தோர் தொடர்ந்து பயன்படுத்தத் தடையில்லை. ஆயினும், கணினி மாற மாறப் பழைய மென்பொருள் நடை தளர்வது இயல்பன்றோ? பல்லாயிரவர் கையொப்பமிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன.

இருபக்க வழக்கையும் கேட்பதே முறை. மென்பொருள் ஒருமுறை செய்து முடித்த நாற்காலி போன்றதன்று. புதிய கணினிக்கு ஏற்பத் திருத்தவும், திருடர் நுழையும் வழிகளை அடைக்கவும் வல்லுநர் நாள்தோறும் உழைக்கின்றனர். அவர்களுக்கு ஊதியம் வேண்டும். தொடக்கத்தில் பெருந்தொகை இல்லாதவருக்கு மாதக் கட்டணம் உதவியாகவும் இருக்கிறது. இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. நம் ஊர்களில் பலர் ஒரு காசும் கொடாமல் மென்பொருளை நகலெடுத்துப் பயன்படுத்தினர். அது களவே, வேறு பெயரிட்டு அழைப்பதற்கில்லை.

ஆயினும் வாடிக்கையாளரின் சினத்திலும் நியாயம் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கருவியின் விலை 30,000 ரூபாய் என்றும், அதன் மாதச் சந்தா 2,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 15 மாதத்தில் முழு விலையும் செலுத்தப்பட்டுவிடும். ஐந்தாண்டில் செலுத்துவது 1,20,000 ரூபாய். அதாவது விலையைப் போல் நான்கு மடங்கு. அத்தனையும் செலுத்திய பின்னரும் கையில் உடைமை ஒன்றும் இராது. ஆனால், பணத்தினும் பெரிய குறை ஒன்று உண்டு. செலுத்துவதை நிறுத்தினால், நம் உழைப்பின் பயனை நாமே எடுத்தாள இயலாத நிலை வரலாம். அச்சக மாணவர் சொன்ன பூட்டு இதுவே.

சந்தாவில் சேர்வது எளிது, விலகுவது அரிது என்னும் குறையும் உண்டு. முன்கூட்டியே விலகுவோரிடம் பெறும் கட்டணத்தைத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டி, 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபிமீது வழக்குத் தொடுத்தது. நம் நாட்டிலும் சில காப்புகள் உள்ளன. அட்டையிலிருந்து காலந்தோறும் தானாகப் பணம் எடுக்குமுன், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் ஒழுங்கு 2021 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று முறைகளைத் தடுக்கும் நெறிகளை வெளியிட்டது. விலக விடாத 'சந்தாப் பொறி' அவற்றுள் ஒன்று. குறையிருப்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

சட்டம் காப்பது ஒரு பாதி. நம் அறிவு காப்பது மறு பாதி. தமிழர்க்கு இதில் பழைய பட்டறிவு உண்டு. ஒருகாலத்தில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் அச்சுக் கோத்த நூல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். எழுதியவரே தம் எழுத்தைப் படிக்க இயலாது! யாவர்க்கும் பொதுவான ஒருங்குறி வந்த பின்னரே அத்தளை அறுந்தது. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பொது முறையில் அமைந்த எழுத்துக்கு எந்தக் கதவும் திறக்கும் என்பதே நாம் கற்ற பாடம்.

மக்கள் ஒன்றுபட்டால் கருவியையே பொதுவாக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. பிளெண்டர் என்னும் முப்பரிமாணப் படக்கருவியை நடத்திவந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. அதனை ஆக்கிய டோன் ரோசெண்டால் பொதுமக்களை நாடினார். ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரண்டது. அவ்வாண்டு அக்டோபரில் அதன் மூல நிரல் உலகுக்கெல்லாம் திறந்து வைக்கப்பட்டது. எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ், படத்திற்குக் கிம்ப், பக்க அமைப்பிற்கு ஸ்கிரைபஸ் எனக் கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருள்கள் இன்று பல உள்ளன. எல்லா வேலைக்கும் அவை ஈடாகும் என்று நான் கூறேன்; மாணவர் பயில்வதற்குப் போதும்.

இளைஞர்களே, வாடகைக்கு எடுப்பது இழிவன்று. நான் சைக்கிள் ஓட்டப் பழகியதே மணிக்கணக்கு வாடகைச் சைக்கிளில்தான். ஆனால், அது வாடகைச் சைக்கிள் என்பதையும், எத்தனை மணிக்குத் திருப்பித்தர வேண்டும் என்பதையும் அறிந்தே ஏறினேன். நீங்களும் சம்மதம் என்னும் பொத்தானை அழுத்துமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு செலுத்துவேன்? எப்படி விலகுவேன்? விலகிய பின் என் படைப்பு என்னிடம் இருக்குமா? மூன்றாம் வினாவுக்கு விடை இல்லையெனில், உங்கள் படைப்பைப் பிற கருவிகளும் திறக்கக்கூடிய வடிவில் ஒரு படி எடுத்து வையுங்கள். அந்த அச்சக மாணவர் இப்போது ஒவ்வொரு நாளும் கடையை மூடுமுன் அதைத்தான் செய்கிறார்.