குடல் குழம்புக்கு ஒரு பலகை

(கான்சாபுரத்தில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் தம்பிகள் கூப்பிட்டார்கள். அதைப் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் சாப்பிட்ட கதையைச் சொல்கிறேன். சாப்பிட்டது என்பதைவிட முதல் நாள் சாப்பிடாமல் வந்ததுதான் கதை.

போன வருடம் ஒரு கருத்தரங்குக்காக நியூயார்க் போயிருந்தேன். அங்கே குயின்ஸ் பகுதியில் ரூஸ்வெல்ட் அவென்யூ என்று ஒரு தெரு. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ரயில் தடதடவென்று ஓடும், கீழே வரிசையாகக் கடைகள். தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். கருத்தரங்குக்கு வந்தவர்கள் நான்கு பேராக ஒரு ஈக்வடார் உணவகத்துக்குள் நுழைந்தோம். ஈக்வடார் என்றால் பூமத்திய ரேகை என்று அர்த்தம். அந்த ரேகை மேலேயே இருக்கிற சின்ன நாடு. உலகத்திலேயே அதிகமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்வது அவர்கள்தான்.

உணவுப் பட்டியலைப் படத்தோடு கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே 'குவாத்தித்தா'. ஸ்பானிய மொழி தெரிந்த தோழி விளக்கினாள். 'குவாத்தா' என்றால் வயிறு, அதைச் செல்லமாகச் சொன்னால் குவாத்தித்தா. மாட்டுக் குடலை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, நிலக்கடலை அரைத்து ஊற்றிய குழம்பு. அடுத்தது 'கால்தோ தே பாத்தா', மாட்டுக்கால் சூப். அதற்கடுத்தது 'யாவார்லோக்ரோ': ஆட்டுக் குடலும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், மேலே வறுத்த ரத்தம். யாவார் என்றால் அந்த மண்ணின் பூர்வகுடிகள் பேசும் கிச்சுவா மொழியில் ரத்தம். சொல்லைக்கூட மாற்றாமல் அப்படியே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

எனக்குக் கண்ணெல்லாம் குவாத்தித்தா மேலேதான். பரிமாற வந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்கள் இந்தியாவா? அதில் மாடு இருக்கிறது" என்று பதமாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட இருந்த இன்னொரு இந்திய ஆய்வாளர், "ஆமாம், நாங்கள் மாடு சாப்பிட மாட்டோம், கோழி கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் மறுத்துப் பேசவில்லை. சாதி ஒழிப்பைப் பற்றிக் காலையில் இருபது நிமிடம் கட்டுரை வாசித்தவள், மத்தியானம் கோழியைப் பாதி தின்றுவிட்டு எழுந்து வந்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் வீட்டு உப்புக்கண்டம் ஞாபகம் வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, மாலை மாதிரி கோத்துக் கொடியில் காயப்போடுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள் என்று சொன்னதும், அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் கொடியை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய்ப் பானையில் போட்டு மூடியது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. கொடியை அவிழ்க்கிற வேலையை அன்றைக்குத்தான் நானும் கற்றுக்கொண்டேன். பிறகு விடுதியில், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன சமையல் என்று யாராவது கேட்டால், "கறி" என்பேன். என்ன கறி என்று கேட்டால் "ஆட்டுக்கறி". வருடத்துக்கு ஒருமுறைகூட ஆட்டுக்கறி எடுக்க வக்கில்லாத வீடு எங்கள் வீடு.

மறுநாள் தனியாகப் போனேன். அதே அம்மா. பட்டியலில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். சோறு, பக்கத்தில் குடல் குழம்பு, ஒரு துண்டு வெண்ணெய்ப்பழம், சின்னக் கிண்ணத்தில் மிளகாய்ச் சாறு. அம்மா கை ருசி இல்லை. நம் குழம்பில் சின்ன வெங்காயமும் மல்லியும் சீரகமும் முன்னால் வந்து நிற்கும். இதில் கடலை மணம்தான் தூக்கல், காரமே இல்லை. ஆனால் குடலின் அந்த இழுவை, பல்லில் நழுவுகிற விதம், அது மாறவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதையே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கடை வாசலில் கண்ணாடியில் படமும் போட்டிருந்தார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அங்கனயும் நம்ம தெரு இருக்காத்தா?" என்று கேட்டது. தெருவில் இல்லைம்மா, மெயின் ரோட்டில் இருக்கிறது என்றேன்.

இங்கே ஒருவர் கேட்கலாம். ஏன், மதுரையில் எந்த மெஸ்ஸுக்குப் போனாலும் குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் கிடைக்கிறதே? கிடைக்கிறது. அது ஆட்டுக் குடல். அதே உறுப்பு, அதே மசாலா. மாடாக மாறியதும் பலகையிலிருந்து இறங்கிவிடுகிறது. மாட்டுக்கறி விற்கிற தள்ளுவண்டியைப் பாருங்கள், 'பீஃப்' என்றுதான் எழுதியிருக்கும். தமிழில் எழுதினால் என்னவோ ஆகிவிடும் போல. நம் ஆட்களே 'பெரிய கறி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம்.

அரசாங்கமும் அப்படித்தான். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி தின்னாதவர்கள் எத்தனை பேர்? ஆனால் திருவிழாப் பட்டியலில் மாட்டுக்கறிக்கு இடமில்லை. எதிர்ப்பு வந்தது, மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறியைச் சேர்ப்பதைவிட மழை சுலபமாக இருந்திருக்கிறது.

நம் முன்னோர் சண்டை போட்டது உட்காருவதற்காக. ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனர்களுக்குத் தனி இடம், 'இதராளுக்கு'த் தனி இடம் என்றிருந்தது 1941ல் ஒழிந்தது, சுயமரியாதை இயக்கத்தின் விடாத எதிர்ப்பால். 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதானார்கள். அடுத்த வருடம் அந்தச் சொல் போனது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, உணவகத்துக்குள் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. ஆக, நாம் உள்ளே வந்துவிட்டோம். நம் சாப்பாடு இன்னும் வாசலில்தான் நிற்கிறது. பலகைகளைப் பாருங்கள், எத்தனை ஓட்டல்கள் சாதிப் பெயரையே ருசிக்கு உத்தரவாதமாக எழுதி வைத்திருக்கின்றன. நம் தெருவின் பெயரில் ஒரு மெஸ் திறக்க நமக்குத் துணிச்சல் வருமா? எனக்கு வராது, உண்மையைச் சொல்கிறேன்.

ஈக்வடார் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பூர்வகுடிகள் பண்ணையாருக்கு உழைத்து, அதற்குப் பதிலாக ஒரு துண்டு நிலத்தில் குடியிருந்தார்கள். அந்த நிலத்துக்குப் பெயர் 'ஹுவாசிபுங்கோ'. 1964ல்தான் சட்டம் அதை ஒழித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு 1979 வரை இல்லை, அதில் பெரும்பகுதி அவர்கள்தான். 1990ல் நாடு முழுக்கச் சாலைகளை மறித்து எழுந்தார்கள். ஹோர்ஹே இகாசா 1934ல் எழுதிய நாவலுக்கும் 'ஹுவாசிபுங்கோ' என்றே பெயர். அதில் பண்ணையாரின் மாடு ஒன்று செத்துப்போகும். புதைத்துவிடச் சொல்வார், ஆட்களுக்குக் கொடுக்க மாட்டார். பசி தாங்காமல் ராத்திரியில் தோண்டி எடுத்துத் தின்பார்கள். கதாநாயகனின் மனைவி அதைத் தின்றே சாவாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூட்டத்துக்கு முன்னால் பெரியப்பா ஒருவர் என்னிடம் கேட்டார்: "அம்பேத்கரே அதை விடச் சொன்னாரும்மா, நீ பலகை வைக்கச் சொல்றியா?" நியாயமான கேள்வி. 1927ல் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டை. ஊரான் வீட்டுச் செத்த மாட்டை நாம் சுமக்க வேண்டும், அதற்குக் கூலியாக அதையே தின்ன வேண்டும் என்ற ஏற்பாட்டை விடச் சொன்னார். அதே அம்பேத்கர் 1948ல் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' நூலில், மாட்டுக்கறி தின்றதைக் காரணமாக வைத்தே நம்மை ஒதுக்கினார்கள் என்று வாதிடுகிறார். பெரியப்பா, இகாசாவின் ஆட்கள் ராத்திரியில் தோண்டியதும், குயின்ஸில் அந்தக் குடும்பம் பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கியதும் ஒரே மாட்டுக் கறிதான். ஆனால் ஒன்று திணித்தது, இன்னொன்று விரும்பி வாங்கியது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, வேண்டும் என்று சத்தமாகச் சொல்ல எனக்கும் அவ்வளவு இருக்கிறது. நீங்கள் சாப்பிட வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்.

இன்றைக்கு மத்தியானச் சமையல் எங்கள் அம்மாவும் நான்கு அத்தைமாரும். காலையில் பந்திக்கு முன்னால் பட்டியல் எழுதுகிற தம்பி வந்து, "பீஃப்னு போட்டுறட்டுமாக்கா?" என்றான். நான் பதில் சொல்லும் முன்னால் அடுப்படியிலிருந்து அம்மா, "மாட்டுக் குடல் கொழம்புன்னு எழுதுப்பா, வேண்டாதவுக சாம்பார் வாங்கிக்கிருவாக" என்றது. அது சாக்பீஸில் எழுதி வாசலில் இருக்கிறது. சாம்பாரும் இருக்கிறது. குழம்பு ஆறுகிறது, முடித்துக்கொள்கிறேன்.