பஞ்சா போடும் கைக்குப் பொறுமை வேண்டும்



அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து அயனம்பாக்கம் பக்கம் திரும்பும் இளைஞர்களில் இரண்டு பேர் டீக்கடை மேஜையில் முழங்கையை ஊன்றி, ஒருவர் கையை ஒருவர் சாய்க்கும் பஞ்சா போட ஆரம்பித்தால் போதும், சுற்றிலும் நாலு பேர் கூடிவிடுவார்கள். காசு செலவில்லாத விளையாட்டு அது. 1987-இல் வந்த ‘ஓவர் தி டாப்’ படத்தில் சில்வஸ்டர் ஸ்டாலோன் லாரி டிரைவராக வந்து பஞ்சா போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு தலைமுறை. 2023-இல் டெல்லியில் கொச்சி, ஹைதராபாத் உட்பட ஆறு அணிகள் மோதிய ‘புரோ பஞ்சா லீக்’ போட்டியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு மேஜைக்கு வருபவர்கள் இன்றைய பிள்ளைகள்.

ஆசை நல்ல ஆசைதான். உடம்பை வளர்க்கிறார்கள், கெட்ட பழக்கங்களிலிருந்து விலகி நிற்கிறார்கள். ஆனால் இந்த விளையாட்டோடு கூடவே வரும் முழங்கை வலியை அவர்கள் நடத்துகிற விதம் எனக்குக் கவலை தருகிறது. கேட்டால், “ஒண்ணுமில்லண்ணே, சுளுக்குதான், ரெண்டு நாள்ல போயிடும்” என்பார்கள். தைலம் தேய்ப்பார்கள், உருவி விடுவார்கள், மாத்திரை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மேஜைக்குப் போவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், டீ கிளாஸைத் தூக்கக்கூட அந்தக் கை தயங்கும். அந்த நிலைக்குப் போகாமல் இருக்க வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில், வலிப்பது எது? தசையை எலும்போடு சேர்த்துக் கட்டும் பகுதிக்குத் தசைநாண் என்று பெயர். கயிற்றைப் போல ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே திசையில் முறுக்கிச் சேர்ந்த கட்டு அது. பஞ்சாவில் எதிராளியின் கையை மடக்க நாம் மணிக்கட்டை உள்பக்கம் வளைக்கிறோம், உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புகிறோம். இந்த இரண்டு வேலையையும் செய்யும் தசைகள் முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வந்து சேர்கின்றன. அதனால் பஞ்சா போடுபவர்களுக்கு உள்பக்கத்தில் வலி வருவது சகஜம். மருத்துவர்கள் அதை ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்பார்கள். மணிக்கட்டைப் பின்னுக்கு இழுத்து எதிராளியின் விரல்களைத் திறக்கப் பார்ப்பவர்களுக்கு வெளிப்பக்கம் வலிக்கலாம். அது ‘டென்னிஸ் எல்போ’. கையை மடக்கியபடியே பிடித்து நிற்பவர்களுக்கு முழங்கையின் முன்பக்கம், பைசெப்ஸ் தசை எலும்பில் போய்ச் சேரும் இடத்தில் வலி வரும்.

இந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. காலையில் கை விறைப்பாக இருக்கும். பயிற்சி தொடங்கிக் கை சூடானதும் வலி குறைந்தது போலத் தெரியும். “ஆஹா, சரியாப் போச்சு” என்று முழு பலத்தோடு இழுப்போம். மறுநாள் காலை இரண்டு மடங்காகத் திரும்பி வரும். இந்த ஏமாற்றத்தில்தான் நிறையப் பேர் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தசை வளரும் வேகம் வேறு, தசைநாண் வலுப்படும் வேகம் வேறு. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். ஜிம்முக்குப் போன இரண்டு மூன்று மாதத்தில் கை முறுக்கேறிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் பழகும். 2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு அருமையான சோதனை செய்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனின் அளவை வைத்துக் குதிகால் தசைநாணின் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன் பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரியவந்தது. அவர்கள் பார்த்தது குதிகால். ஆனாலும் பாடம் நமக்குப் புரிகிறது. தசைநாண் நம் ஆயுளுக்கும் வரவேண்டிய சொத்து. மூன்று மாதத்தில் வந்த தசையின் பலத்தை எல்லாம் அதன்மேல் ஒரே இழுப்பில் ஏற்றினால், அது தாங்காது.

அப்படியானால் ஊசி போட்டு வலியைப் போக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். 1979-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் நிர்ஷலும் பெட்ரோனும், அறுவை செய்து எடுத்த டென்னிஸ் எல்போ திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்ததை எழுதினார்கள். வீக்கத்துக்கு அடையாளமான செல்கள் அங்கே இல்லை. இழைகள் ஒழுங்கு குலைந்து, சரியாக ஆறாமல் கிடந்தன. ஸ்டீராய்டு ஊசி போன்ற, வீக்கத்தைக் குறைக்கும் மருந்து இங்கே வலியை மட்டும் கொஞ்ச நாள் அடக்குகிறது, பழுதைச் சரி செய்வதில்லை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டென்னிஸ் எல்போ உள்ள 165 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி, சிலருக்கு வெறும் உப்புநீர் ஊசி. ஸ்டீராய்டு முதல் சில வாரங்களில் சுகம் தந்தது உண்மை. ஓராண்டு முடிவில் கணக்கெடுத்தால், உப்புநீர் ஊசி போட்டவர்களில் 96 சதவீதம் பேர் குணமாகியோ நன்றாகத் தேறியோ இருந்தார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களில் அது 83 சதவீதம். வலி திரும்பி வந்தவர்கள் உப்புநீர் பக்கம் 12 சதவீதம், ஸ்டீராய்டு பக்கம் 54 சதவீதம். அடுத்த வாரப் போட்டிக்காக ஊசி போட்டுக்கொள்ளத் துடிக்கும் தம்பிகள் இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கையைக் கட்டித் தொங்கவிட்டு முழு ஓய்வு கொடுத்தால்? அதுவும் போதாது. வேலையே இல்லாத தசைநாண் இன்னும் பலவீனமாகும். வலி போய்விட்டதே என்று மேஜைக்குத் திரும்பிய அன்றே மறுபடி பிடித்துக்கொள்ளும். தசைநாணுக்கு மருந்து, அளந்து கொடுக்கும் சுமைதான். எப்படி அளப்பது? வீட்டில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் இருந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ, பாதி என்றால் அரை கிலோ.

நாற்காலியில் உட்கார்ந்து, முன்கையை மேஜைமேல் வையுங்கள். மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். உள்பக்கம் வலிப்பவர்கள் உள்ளங்கை மேலே பார்க்கவும், வெளிப்பக்கம் வலிப்பவர்கள் உள்ளங்கை கீழே பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை நேராக, அசையாமல் 30 முதல் 45 விநாடி நிறுத்துங்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து முறை. இதுதான் முதல் கட்டம். இதைத் தினமும் செய்யலாம்.

வலியை நீங்களே பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடுங்கள். செய்யும்போது மூன்றுக்குள் இருந்தால் பயமில்லை. மறுநாள் காலை வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால், பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சுமை அதிகம் என்று அர்த்தம். கூடவில்லை என்றால் சில நாள் கழித்துக் கொஞ்சம் ஊற்றுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் இது சுலபமாகிவிட்டால், இரண்டாம் கட்டம். மற்றொரு கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்குங்கள். பிறகு உதவியை விட்டு, நாலு எண்ணுவதற்குள் மெதுவாகக் கீழே இறக்குங்கள். 15 தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அதோடு பட்டறையில் இருக்கும் சுத்தியலும் உதவும். முழங்கையை மடக்கி விலாவோடு சேர்த்து, சுத்தியலின் பிடியைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை மேலே, உள்ளங்கை கீழே என்று நிதானமாகத் திருப்புங்கள். தலைக்கு அருகில் பிடித்தால் சுலபம், பிடியின் கடைசியில் பிடித்தால் கடினம். உள்ளங்கையைத் திருப்பும் தசைதான் பஞ்சாவில் அதிகம் அடிபடுகிறது, அதற்கு இது நேரடிப் பயிற்சி.

இதற்குப் பன்னிரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். முதல் சில வாரம் மேஜை வேண்டாம். தோள், முதுகு, கால் பயிற்சிகளைத் தாராளமாகச் செய்யலாம். மேஜைக்குத் திரும்பும்போது பாதி பலத்தோடு, வாரம் ஒருமுறை. பிறகு அதைக் கூட்டினாலும், மேஜையில் இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும். உங்கள் வலியைப் புரிந்துகொண்டு, “போதும்” என்றதும் விட்டுவிடுகிற ஒரு நண்பரோடு மட்டும் பயிற்சி செய்யுங்கள்.

சச்சின் டெண்டுல்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் இடது முழங்கை டென்னிஸ் எல்போவால் பல ஆட்டங்களை விட்டார். 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அக்டோபர் 25 அன்று நாக்பூரில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி வந்து 93 ஓட்டங்கள் அடித்தார். நாடே காத்திருந்தும், அந்தக் கை ஆறும்வரை அவர் பொறுத்திருந்தார். நம்மில் பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை தேவையே படாது. பொறுமை மட்டும் எல்லோருக்கும் தேவை.

இந்த வலி பஞ்சா போடுபவர்களோடு நிற்பதில்லை. நாள் முழுக்க ஸ்குரூ டிரைவர் முடுக்குபவர், அரம் பிடித்து ராவுபவர், ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து காயப்போடும் அம்மா, இவர்களுக்கும் வரும். 30 முதல் 64 வயது வரையிலான சுமார் 4,800 பேரைப் பின்லாந்தில் பரிசோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 1.3 சதவீதம் பேருக்கு வெளிப்பக்கமும் 0.4 சதவீதம் பேருக்கு உள்பக்கமும் இந்தப் பாதிப்பு இருந்தது. பலம் போட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, புகைபிடித்தல், உடல் பருமன் ஆகியவை முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. எட்டு மணி நேரம் லேத்தில் நின்றுவிட்டு, அதே கையோடு மேஜைக்கு வரும் தம்பிக்குச் சுமை இரட்டிப்பு. அவர் கணக்குப் போடும்போது வேலையையும் சேர்த்துப் போட வேண்டும். கருவியின் பிடி மெல்லியதாக இருந்தால் துணியோ ரப்பரோ சுற்றித் தடிமனாக்குங்கள். வெளிப்பக்கம் வலித்தால், பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்க, கையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

இனி, வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை. பஞ்சா போடும்போது ‘படக்’ என்று சத்தம் கேட்டு மேற்கை துவண்டால், அது எலும்பு முறிவாக இருக்கலாம். மேற்கை எலும்பு முறுக்கிக்கொண்டு உடைவது இந்த விளையாட்டில் உள்ள ஆபத்து. அந்த எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பும் அடிபட்டால் மணிக்கட்டைத் தூக்க முடியாது. அப்போது உருவிவிடாதீர்கள், கட்டுப் போடுகிற இடத்தைத் தேடி அலையாதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். முழங்கையின் முன்பக்கம் திடீரென்று அறுந்தது போலத் தோன்றி, ரத்தம் கட்டி, பைசெப்ஸ் மேலே சுருண்டாலும் உடனே காட்ட வேண்டும், நாள் தள்ளினால் சேர்த்துத் தைப்பது கடினம். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போனால் நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருள். இரவில் தூங்கவிடாத வலி, காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குவது, இவையும் மருத்துவருக்கான வேலை.

எலும்பு உடையாமல் காக்க ஒரு முக்கிய விதி உண்டு. உங்கள் கையை உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள். கை ஒரு பக்கம் சாயும்போது தோளும் உடம்பும் எதிர்ப்பக்கம் திரும்பினால்தான் எலும்பு முறுகுகிறது. கை போகிற பக்கமே உடம்பும் போகட்டும். பிடி தளர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, வீம்புக்கு நிற்காதீர்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கையின் உள்பக்க எலும்பு முனை இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. பலமான இழுப்பில் தசை அந்த முனையையே பெயர்த்துவிடும். பெரியவர்கள் கூடி நின்று கைதட்டி அவர்களை முழு பலத்தோடு மோதவிடுவது தவறு. தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

சிகிச்சைக்குப் பணம் ஆகுமே என்று தள்ளிப்போட வேண்டாம். எஸ்டேட்டில் வேலை செய்யும் பலருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறது. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம் ஆகிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஆகிறது என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகமும் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உங்களுக்கு உரியவை. ஒப்பந்தத் தொழிலாளர்களும் தங்கள் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது. பிசியோதெரபி நிபுணர் ஒருவர் உங்கள் கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் பயிற்சிக்கு, நான் வானொலியில் சொல்லும் எதுவும் ஈடாகாது.

ஜிம் நடத்தும் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வரும் தம்பியை முதல் நாளே பலசாலியோடு மோதவிடாதீர்கள். மூன்று மாதம் மணிக்கட்டுப் பயிற்சி, பிறகு மேஜை என்று ஒரு வழக்கத்தை உண்டாக்குங்கள். “முழங்கை வலிக்குது மாஸ்டர்” என்று சொல்ல ஒரு பையன் வெட்கப்படாத இடமாக உங்கள் ஜிம் இருக்கட்டும். அந்தக் கையை நம்பித்தான் அவன் வேலைக்குப் போகிறான், அவன் வீடும் நடக்கிறது.

இன்றைக்கு முழங்கை வலிக்கிறவர்கள் நாளைக் காலையிலேயே தண்ணீர் பாட்டிலோடு தொடங்குங்கள். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.