உப்பும் துப்பாக்கியும்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆம்பூரில் தோல் மண்டிக்காரர் மகனாய்ப் பிறந்த நான், வனத்துறையில் சேர்ந்து மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்துக்குப் போனேன். 1973-இல் புலிகள் காப்பகமான அலையாத்திக் காடு அது. தினம் இரண்டு முறை கடல் உள்ளே ஏறி இறங்கும். காற்றிலேயே உப்பு.

படகில் காவல் போகிறவர்களுக்குத் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிதான் வேண்டுமென்று அடம்பிடித்தவன் நான். ஒரு மார்கழி விடியல். முப்பதடி தூரத்தில், ஓடைக் கரையில் புலி. காவலர் துப்பாக்கியைத் தூக்கினார். கண்ணாடி முழுக்க ஆவி. "சார், ஒண்ணுமே தெரியலை!" என்று அலறினார். படகோட்டி தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட, புலி திரும்பிப் போயிற்று. ஆளும் பிழைத்தார், புலியும் பிழைத்தது.

அன்றுதான் புத்தி வந்தது. அந்த அடர்த்தியில் எதிரே வருவது சில அடி தூரத்தில்தான் கண்ணில் படும். அங்கே தேவை, குழல் நுனியில் ஒரு குமிழ், பின்னால் ஒரு பள்ளம் என்ற பழைய இரும்புக் குறிதான். சேறு பட்டால் விரலால் துடைக்கலாம். தினமும் உப்பைத் துடைத்து எண்ணெய் போட்டால் போதும்.

நம்ம ஊருக்காக இன்னொன்று: துப்பாக்கியைத் தோல் உறையிலேயே வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், இரும்பு துருவேறும். உப்புத் தோலோடு வளர்ந்த எனக்கே இது அங்கே போய்த்தான் உறைத்தது!

காவலர்களுக்குச் சாமான் வாங்குகிற அதிகாரி முதலில் ஒரு ராத்திரி அந்தப் படகில் உட்கார வேண்டும். நான் உட்காராமல் கேட்டு வாங்கினேன்.